ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு எத்தனை ஜூல் வரை போகலாம்?

என்னிடம் இயற்பியல் படித்த தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். அழகர்கோவில் சாலையில் அவன் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் ஏர்சாஃப்ட் விளையாட்டுக் களம் போட நினைக்கிறான், அதாவது பிளாஸ்டிக் குண்டு போட்ட பொம்மைத் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுட்டு ஆடும் ஆட்டம். கையில் இருக்கும் துப்பாக்கியின் பெட்டியில் 400 எஃப்.பி.எஸ். என்று போட்டிருக்கிறது. ஒரு நண்பர் உலகம் முழுக்க 350தான் கணக்கு என்கிறார், இன்னொருவர் தூரத்தில் இருந்து சுடுகிறவனுக்கு 500 வரை கொடுக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, கண்ணாடி போட்டால் போதுமா, பத்து வயதுப் பையன்களை உள்ளே விடலாமா என்பது அவன் கேள்வி.

தம்பி, அந்த மூன்று எண்ணையும் முதலில் ஒதுக்கி வை. எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு எத்தனை அடி என்ற வேகம். எந்த எடைக் குண்டைப் போட்டு அளந்த வேகம் என்று சொல்லாத வரைக்கும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 400 எஃப்.பி.எஸ். என்றால் நொடிக்கு 122 மீட்டர். கடையில் மஞ்சள் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் குண்டு பெரும்பாலும் 0.12 கிராம். நிறையைக் கிலோகிராமில் எடுத்து வேகத்தால் இரண்டு முறை பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல் 0.89 ஜூல் என்று வருகிறது. அதே 400 வேகத்தில் 0.20 கிராம் குண்டு போனால் 1.49 ஜூல், 0.25 கிராம் என்றால் 1.86 ஜூல். பெட்டியில் ஒரே எண், ஆனால் குண்டின் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. விற்கிறவர்கள் லேசான குண்டைப் போட்டு அளந்து பெரிய எண்ணை அச்சடிப்பது இதனால்தான். உன் நண்பர் சொன்ன 350 கூட 0.20 கிராம் குண்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எண். அப்படிச் சொன்னால் 1.14 ஜூல்.

அதனால் முதல் வேலை குண்டை எடை போடுவது. ஒரு குண்டை வைத்துப் பார்த்தால் சரியாக வராது. 50 குண்டை எண்ணி ஒரு தாளில் மடித்துக்கொண்டு தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடைக்குப் போ. மில்லிகிராம் வரை காட்டும் தராசு வைத்திருப்பார்கள். 50 குண்டு 10 கிராம் காட்டினால் ஒன்று 0.20. பாக்கெட்டில் 0.20 என்று போட்டுவிட்டு உள்ளே 0.17, 0.18 இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியே விரலிடுக்கில் வைத்து உருட்டியும் பார். நல்ல குண்டு 5.95 மில்லிமீட்டர் விட்டத்தில், தையல் கோடு தெரியாமல் வழுவழுவென்று இருக்கும். மலிவான குண்டில் இரண்டு பாதி சேர்ந்த வரப்பு நகத்தில் தட்டுப்படும், உள்ளே காற்றுக்குமிழியும் இருக்கும். அது நேராகப் போகாது, கல்லில் பட்டால் உடைந்து சில்லாகும்.

சரி, 1 ஜூல் என்றால் எவ்வளவு? 100 கிராம் எடையுள்ள ஆயக்குடிக் கொய்யாக்காய் ஒன்று ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல். தலையில் விழுந்தால் தடவிக்கொண்டு போய்விடுவோம். ஆனால் அதே 1 ஜூல் 6 மில்லிமீட்டர் உருண்டையில் இருக்கும்போது சங்கதி வேறு. உருண்டையின் குறுக்குப் பரப்பு 0.28 சதுர சென்டிமீட்டர்தான். கொய்யாவின் அடி உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது, குண்டின் அடி ஒரு மிளகு அகலத்தில் இறங்குகிறது. காயத்தைத் தீர்மானிப்பது ஆற்றலைப் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் எண். 1 ஜூல் குண்டுக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல்.

இந்த 3.5 எங்கேயாவது கேட்ட மாதிரி இருந்தால் ஆச்சரியமில்லை. ஜப்பான் சட்டம் இந்த எண்ணில்தான் கோடு போட்டிருக்கிறது. இந்த விளையாட்டே அங்கே பிறந்ததுதான். அசல் துப்பாக்கி எளிதில் வைத்துக்கொள்ள முடியாத நாட்டில் அச்சு அசலான பொம்மையை விரும்பியவர்கள் உருவாக்கினார்கள். டோக்கியோ மாருய் நிறுவனம் 1991-ல் மின்மோட்டாரில் தொடர்ந்து சுடும் முதல் துப்பாக்கியை வெளியிட்ட பிறகு அது பரவியது. 2006-ல் ஜப்பான் தன் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூலுக்கு மேல் போனால் அது பொம்மை இல்லை என்று வைத்தது. 6 மில்லிமீட்டர் குண்டுக்குக் கணக்குப் போட்டால் 0.98 ஜூல் சொச்சம். அங்கே எல்லோரும் அந்த 0.98-ஐத்தான் எல்லையாகச் சொல்கிறார்கள். பிரிட்டன் 2017-ல் சட்டத்தில் எழுதியது கொஞ்சம் தாராளம்: தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். தொடர்ந்து சுடும்போது ஒரே இடத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து குண்டு விழும், எதிரே இருப்பவர் திரும்பிக்கொள்ள நேரம் கிடையாது, அதனால் அதற்கு எல்லை குறைவு. இந்தப் பிரிவினை சரியானது என்பது என் அபிப்பிராயம். ஜெர்மனியில் 0.5 ஜூலுக்கு மேல் போனாலே 18 வயது ஆனவர்களுக்குத்தான்.

இன்னொரு ஒப்பீடும் சொல்கிறேன். திருவிழாவில் பலூன் சுடும் கடையில் இருக்கும் ஏர் ரைஃபிளைப் போட்டித் துப்பாக்கியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே, பல கடைகளில் சுருள்வில் தொய்ந்துபோயிருக்கும். நான் இளவயதில் சுட்ட 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக்குண்டு நொடிக்கு 170 மீட்டருக்கு மேல் போகும், ஏறக்குறைய 7.5 ஜூல். விட்டம் 4.5 மில்லிமீட்டர்தான் என்பதால் சதுர சென்டிமீட்டருக்கு 47 ஜூல். அது தோலைத் துளைத்துவிடும். ஏர்சாஃப்ட் குண்டு அதில் பதிமூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தோலுக்கு இது தாங்கும் விளையாட்டு என்று சொல்வதற்கு அடிப்படை அதுதான்: சிவந்து போகும், சுள்ளென்று வலிக்கும், கிட்டத்தில் இருந்து பட்டால் ரத்தம் கட்டும். அவ்வளவோடு நிற்கும்.

கண் அப்படியில்லை. நீ இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பாய் என்றால் இதைப் படி. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் பன்றிக் கண்களையும் தானமாகக் கிடைத்த மனிதக் கண்களையும் வைத்துச் செய்த சோதனைகளில் இருந்து வந்த எண்கள் இருக்கின்றன. சதுர மீட்டருக்கு 1,500 ஜூல் அளவிலேயே கருவிழியின் மேல் தோல் உரிய பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுமார் 20,000-த்தில் கண்ணுக்குள் ரத்தம் கசியப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை 6 மில்லிமீட்டர் குண்டுக்கு மாற்றினால் முதல் எண் 0.04 ஜூல், இரண்டாவது 0.57 ஜூல். அதாவது ஜப்பானின் மிகக் கண்டிப்பான எல்லைக்குள் நிற்கும் துப்பாக்கிகூடக் கண்ணைக் கெடுக்கப் போதுமான அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன எந்த நாட்டு எல்லையும் கண்ணைக் காக்கப் போதாது. கண்ணுக்குத் தனியாகக் கவசம் இருந்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் சித்திரைத் திருவிழா சமயத்தில் என் அக்காள் பேரனுக்கு யாரோ கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள், கையால் இழுத்துச் சுடும் பிளாஸ்டிக் சாமான். மாடியில் அவனும் பக்கத்து வீட்டுப் பையனும் விளையாடியிருக்கிறார்கள். நாலு மீட்டர் தூரம் இருக்கும். பேரனுக்கு இடது கண்ணில் பட்டது. அழுகை பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை, எல்லோரும் தண்ணீர் அடித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சாயங்காலம் நான் போனபோது வெளிச்சத்துக்கு நேராக அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். கருவிழிக்குப் பின்னால், அடிப்பாகத்தில், டம்ளரில் டிகாஷன் தங்கின மாதிரி செங்கருப்பாக ஒரு கோடு. தலையைச் சாய்த்தால் கோடும் மெதுவாகச் சாய்ந்தது. கண்ணின் முன்னறையில் ரத்தம் தேங்கியிருந்தது. அன்றிரவே கூட்டிக்கொண்டு போனோம். தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள், முதல் ஐந்து நாளில் மறுபடி ரத்தம் கசியக்கூடும் என்று தினமும் கண் அழுத்தம் பார்த்தார்கள். பார்வை திரும்பிவிட்டது. ஆனால் அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் அழுத்தம் ஏறலாம் என்பதால் இன்றைக்கும் வருடம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறான். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது, நல்ல வைத்தியம் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் அடியில் விழித்திரை கிழிந்துவிட்டால் எப்போதும் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது. அந்தத் துப்பாக்கியைப் பிறகு நான் அளந்து பார்த்தேன். 0.3 ஜூல்கூட முழுதாக இல்லை.

இனி குண்டு காற்றில் என்ன ஆகிறது என்று பார்க்கலாம், களத்தின் தூரக் கணக்கெல்லாம் இதில்தான் இருக்கிறது. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டரில் கிளம்பும்போது அதன் மேல் காற்று கொடுக்கும் எதிர்விசை, குண்டின் எடையைப் போல 37 மடங்கு. புவியீர்ப்பு இங்கே சின்ன விஷயம், காற்றுதான் எல்லாம். நம் ஊர் வெயில் காலக் காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டேன். 1 ஜூலில் கிளம்பிய 0.20 கிராம் குண்டிடம் 10 மீட்டரில் 0.48 ஜூல் மிச்சம், 20 மீட்டரில் 0.23, 30 மீட்டரில் 0.11. ஒவ்வொரு ஒன்பதரை மீட்டருக்கும் பாதி கரைகிறது. இதே 1 ஜூலில் 0.30 கிராம் குண்டு கிளம்பினால் 30 மீட்டரில் 0.23 இருக்கும், அதாவது இரண்டு மடங்கு. கிளம்பும்போது ஒரே அளவு, போய்ச் சேரும் இடத்தில் வேறு வேறு. ஆகவே எல்லை வைக்கும்போது ஆற்றலோடு குண்டின் எடைக்கும் ஒரு உச்சம் வை.

அந்த 30 மீட்டர் எண்ணை இன்னொரு தரம் பார். 0.11 ஜூல், கருவிழி உரியத் தேவையான அளவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். தூரமாக நின்றால் கண்ணாடியைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டு. ஆனால் வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு திரும்பி விழுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 0.20 கிராம் குண்டைக் காற்றுத் தடை நொடிக்கு 17 மீட்டருக்கு மேல் விழ விடாது. ஆற்றல் 0.03 ஜூலைத் தொடாது. வேலிக்கு வெளியே நேராகப் போகும் குண்டுதான் ஆபத்து.

தூரமாகச் சுடுகிறவனுக்கு 500 என்று சொன்னாரே, அது பல நாட்டுக் களங்களில் இருக்கும் வழக்கம்தான். 0.20 கிராமில் அளந்து 500, அதாவது 2.32 ஜூல், கூடவே 30 மீட்டருக்குள் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடு. அவர்கள் உள்ளே போடுவது 0.40 கிராம் குண்டு. 2.32 ஜூலில் கிளம்பும் 0.40 கிராம், 30 மீட்டரில் இன்னும் 0.77 ஜூல் வைத்திருக்கும். உன் தோப்பின் நீளம் எவ்வளவு, நூறு மீட்டர் இருக்குமா? மரத்துக்கு மரம் ஒளிந்து ஓடும் இடத்தில், எதிரே திடீரென்று ஒருவன் ஐந்து மீட்டரில் எழுந்து நின்றால் விரலை நிறுத்த முடியும் என்ற நம்பிக்கையில் இந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்க மாட்டேன்.

ஹாப்-அப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாயின் ஆரம்பத்தில் மேல்பக்கமாக ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கும், அது உரசி குண்டைப் பின்பக்கமாகச் சுழற்றிவிடும். மேஜைப் பந்தில் அடியில் வெட்டி அடித்த பந்து மிதந்து போகுமே, அதே தத்துவம். அதனால் ஆற்றல் கூடாது, விழுவதுதான் தள்ளிப்போகும். ஹாப்-அப் இல்லாமல் தோள் உயரத்தில் நேராகச் சுட்ட குண்டு 30 மீட்டரைத் தாண்டிக் கொஞ்சத்திலேயே தரையைத் தொடும், ஹாப்-அப் இருந்தால் அதையும் தாண்டிப் போகும். ஆனால் கூடுதலாகத் திருகிவிட்டால் நெஞ்சுக்குக் குறி வைத்த குண்டு போகப்போக மேலே ஏறி முகத்துக்குப் போகும். விளையாட்டுக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு அட்டையில் சுட்டுப் பார்த்துக் குமிழைச் சரிசெய்ய வேண்டியது இதற்காக. ஆடி மாதத்தில் இதுவும் பலிக்காது. மணிக்கு 18 கிலோமீட்டர் குறுக்குக் காற்றே அந்தக் குண்டை 30 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். அம்மியையே பறக்கவிடும் காற்றில் கால் கிராம் குண்டுக்குக் குறி ஏது. அந்த நாட்களில் பக்கவாட்டு வலையை இன்னும் தள்ளிக் கட்டு.

அப்புறம் வெயில். வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்ததில் நம் ஊருக்குப் பொருந்தாத இடம் இதுதான். சுருள்வில் வைத்த மின்மோட்டார் துப்பாக்கிக்கு வெயில் பெரிதாக ஒன்றும் செய்யாது. வாயுவில் ஓடும் துப்பாக்கிக்குச் செய்யும். ஆர்-134ஏ என்ற வாயு, ஃபிரிட்ஜிலும் கார் ஏசியிலும் போடுவது, அதைத்தான் பல கைத்துப்பாக்கிகளில் அடைப்பார்கள். 25 டிகிரியில் அதன் அழுத்தம் 6.7 பார், 40 டிகிரியில் 10 பாரைத் தாண்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கு அளந்து சரி என்று ஒட்டு ஒட்டிய துப்பாக்கி, மத்தியானம் இரண்டு மணிக்கு வேறு துப்பாக்கி. கார்பன் டை ஆக்சைடு குப்பி இன்னும் மோசம். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே இருக்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குப்பியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. உன் களத்தில் முதல் வருடம் வாயுத் துப்பாக்கியே வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வாயுவில் இன்னொரு சிக்கலும் உண்டு: கனமான குண்டு குழாய்க்குள் மெதுவாக நகரும், அதனால் வாயு அதைத் தள்ளும் நேரம் கூடும், 0.20-ல் 1 ஜூல் காட்டிய துப்பாக்கி 0.30-ல் 1-ஐத் தாண்டும். அளக்கும்போது விளையாடப்போகும் குண்டையே போட்டு அளக்க வேண்டும். சிலர் அளக்க லேசான குண்டு, ஆட கனமான குண்டு என்று வருவார்கள். குண்டைக் களத்தில் நீயே கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

அளப்பதற்கு குரோனோகிராஃப் வாங்கு, இரண்டு ஒளிக்கதிர்களைக் குண்டு கடக்கும் நேரத்தை வைத்து வேகம் காட்டும் கருவி. அது வரும்வரை இரண்டு வழி சொல்கிறேன், இரண்டையும் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன்.

முதலாவது ஊசல். 1740-களில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் பீரங்கிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களிடம் ஒரு உருண்டை களிமண் கேட்டு வாங்கிக்கொள். ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் அதை அடைத்து மொத்தம் 50 கிராம் வரும்படி செய், ஒரு மீட்டர் நூலில் தொங்கவிடு. நூல் திருகாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு நூல் கட்டு. பின்னால் ஒரு அளவுகோலைப் படுக்க வை. அரை மீட்டரில் இருந்து களிமண்ணில் சுடு. நடுவே துளை போட்ட ஒரு அட்டையை நிறுத்து, இல்லையென்றால் குழாயில் இருந்து வரும் காற்றே பெட்டியைத் தள்ளிவிடும். 0.20 கிராம் குண்டு களிமண்ணில் புதைந்து பெட்டி 12.7 சென்டிமீட்டர் பின்னால் போனால் வேகம் நொடிக்கு 100 மீட்டர், அதாவது 1 ஜூல். ஒவ்வொரு சென்டிமீட்டரும் நொடிக்கு 7.9 மீட்டர். பெட்டி நகரும் தூரம் உந்தத்தைத்தான் காட்டும், ஆற்றலை அல்ல. குண்டின் எடை மாறினால் வேகத்தைப் புதிதாகக் கணக்கிட்டு அதில் இருந்து ஜூலுக்கு வா. சுடுகிறவரும் பக்கத்தில் நிற்பவர்களும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், இதற்கும்தான்.

இரண்டாவதுக்குச் செல்போன் போதும். ஐந்து மீட்டரில் ஒரு தகரத்தை நிறுத்து. ஒலிப்பதிவை ஓடவிட்டு, செல்போனைத் துப்பாக்கிக்கும் தகரத்துக்கும் சரியாக நடுவில், பாதையை விட்டு ஒதுக்கி வை. நடுவில் வைத்தால் சுட்ட சத்தமும் தகரச் சத்தமும் ஒரே தூரம் வந்து சேரும், ஒலி வர ஆகும் நேரம் கழிந்துபோய்விடும். பதிவில் இரண்டு கூர்முனை தெரியும். இடைவெளி ஆயிரத்தில் 55 நொடி என்றால் சராசரி வேகம் நொடிக்கு 91 மீட்டர். வழியில் காற்று பிடித்திருப்பதால் 0.20 கிராமுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள், குழாய் வாயில் 100.

கண்ணாடிக்கு வருகிறேன். வெயில் கண்ணாடி, பைக் கண்ணாடி, பவர் கண்ணாடி எதுவும் கூடாது. ஐரோப்பாவின் EN 166 தரத்தில் கண்ணாடியின் சட்டகத்தில் ஒரு எழுத்து அச்சடித்திருக்கும். எஃப் என்றால் 0.86 கிராம் எஃகு உருண்டை நொடிக்கு 45 மீட்டரில் அடித்தாலும் தாங்கும், அது 0.87 ஜூல்தான், உன் களத்துக்கு நான் சொல்லப்போகும் 1 ஜூல் எல்லையைவிடக் குறைவு. பி (B) என்றால் 120 மீட்டர், 6 ஜூலுக்கு மேல். பி எழுத்துள்ள, முகத்தைச் சுற்றி ஒட்டி நிற்கும், பட்டி போட்ட காகிள்ஸை மட்டும் அனுமதி. கம்பி வலைக் கண்ணாடியில் வியர்வை ஆவி படியாது என்று நம் ஊர் வெயிலுக்குப் பலர் அதைக் கேட்பார்கள், ஆனால் மலிவான குண்டு வலையில் பட்டு உடைந்தால் சில்லு உள்ளே வரும். ஆவி படிகிறது என்று களத்துக்குள் காகிள்ஸைத் தூக்கித் துடைக்கிற அந்த ஒரு நொடிதான் ஆபத்தான நொடி. அதனால் நடுவே தகரக் கொட்டகையாவது, வலை போட்ட மூலையாவது ஒன்று வை, துடைக்க வேண்டியவன் அங்கே போகட்டும். கீழ்முகத்துக்கு முகமூடி கட்டாயம், முன்பல் இந்தக் குண்டுக்கு எளிதில் உடையும்.

என்னைக் கேட்டால் உன் களத்துக்கு உச்சம் 1 ஜூல், குண்டு 0.25 கிராமுக்கு மேல் கூடாது, ஐந்து மீட்டருக்குள் சுடக்கூடாது, அங்கே கையால் தொட்டாலே அவுட். பத்து வயதுப் பையன்கள் வேண்டாம். வேகத்துக்காகச் சொல்லவில்லை. அந்த வயதில் காகிள்ஸ் முகத்துக்குப் பொருந்தாது, கழற்றாதே என்றால் கழற்றுவான். வேலிக்கு ஆள் உயரத்துக்கு மேல் அடர்த்தியான வலை, சாலைப் பக்கம் நோக்கிச் சுடாதபடி இரண்டு அணியையும் வடக்கு தெற்காக நிறுத்து. கிணற்றடியில் இருக்கும் கருங்கல் சுவரில் பட்ட குண்டு திரும்பும், அதில் பழைய சாக்கைத் தொங்கவிடு. மண்ணில் மட்கும் குண்டு கொஞ்சம் விலை கூட, இருந்தாலும் அதையே வாங்கு. அந்தப் பக்கம் மயில் மேயும், ஆடும் வரும், பிளாஸ்டிக் குண்டு அதுகளின் வயிற்றில் போக வேண்டியதில்லை. தேங்காயையும் வெட்டிவிட்டுத்தான் ஆட்டம். பதினைந்து மீட்டரில் இருந்து விழும் ஒன்றரைக் கிலோ தேங்காயில் 220 ஜூல் இருக்கிறது. இத்தனை நேரம் பேசிய எந்தக் குண்டையும்விட உன் தோப்பில் உயிருக்கு ஆபத்தானது அதுதான்.

காசு போடுவதற்கு முன்னால் சட்டத்தையும் பார்த்துவிடு. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்படாத, 4.5 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 1 ஜூல்தானே, நமக்கு என்ன என்று முடிவு கட்டாதே. உன் துப்பாக்கியின் துளை 6 மில்லிமீட்டர், பார்வைக்கும் அசல் மாதிரியே இருக்கிறது. மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும், வெளியே என்றால் கலெக்டர் அலுவலகத்திலும் துப்பாக்கியின் விவரம், அளந்த ஜூல், களத்தின் வரைபடம் மூன்றையும் வைத்து எழுத்தில் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு. களத்துக்கு வருகிறவர்கள் துப்பாக்கியை மூடிய பையில்தான் கொண்டுவர வேண்டும், முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. மாட்டுத்தாவணியில் பஸ் இறங்கி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் அங்கே நிற்கும் போலீஸ்காரருக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்?

வலை கட்டும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் துப்பாக்கியையும், பிரிக்காத குண்டுப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. களிமண் என்னிடம் இருக்கிறது.